உங்களுக்குத் தெரியுமா? வைஃபை ஏன் கேபிளிடம் தோற்கிறது

வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறோம். படுக்கையறையில் உட்கார்ந்து போனில் ஸ்பீட் டெஸ்ட் பார்த்தால் 30கூட வருவதில்லை. அதே ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை எடுத்து லேப்டாப்பில் சொருகினால் 94 காட்டுகிறது. கட்டும் பணம் அதே, வரும் ஃபைபர் அதே, ரூட்டரும் அதே. குறைகிற வேகம் முழுவதும் ரூட்டருக்கும் போனுக்கும் நடுவே இருக்கிற சில அடி தூரத்தில்தான் குறைகிறது. அங்கே என்ன நடக்கிறது?

★ சிக்னல் போகிற வேகத்தில் ஜெயிப்பது காற்றுதான். ரேடியோ அலை காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. லேன் கேபிளின் செம்புக் கம்பியில் போகும் சிக்னல் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். ஃபைபருக்குள் ஓடும் ஒளிக்கும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். வைஃபைக்குப் போகும் வழியில் தாமதமே இல்லை. கிளம்புவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது.

★ ஒரு வைஃபை சேனலில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் அனுப்ப முடியும். ரூட்டர் அனுப்பும்போது போன் சும்மா இருக்க வேண்டும். போன் அனுப்பும்போது ரூட்டர் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் டிவியும் லேப்டாப்பும் அடுத்த அறை டேப்லெட்டும் காத்துக்கொண்டிருக்க வேண்டும். கேபிளில் இந்தத் தொல்லை கிடையாது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் போவதற்கு ஒரு ஜோடிக் கம்பி, வருவதற்கு இன்னொரு ஜோடி. கிகாபிட் இணைப்பில் நான்கு ஜோடிகளிலும் ஒரே சமயத்தில் இரண்டு திசையிலும் சிக்னல் ஓடுகிறது. நாம் அனுப்பியது எது, எதிர்முனையிலிருந்து வந்தது எது என்று இரு முனையிலும் உள்ள சிப்புகள் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொள்கின்றன.

★ அந்தக் கணக்கை வைஃபையும் போட்டுவிட்டால் என்ன? முடியாததற்குக் காரணம் ஓர் எண்ணில் இருக்கிறது. ரூட்டரின் ஆன்டெனாவிலிருந்து 100 மில்லிவாட் சக்தி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுவர் தாண்டி அடுத்த அறைக்குப் போய்ச் சேரும்போது போன் அதை ‘மைனஸ் 70 டிபிஎம்’ என்று அளக்கும். புறப்பட்டதில் நூறு கோடியில் ஒரு பங்குதான் வந்து சேர்ந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்தத் துளி சக்தியை வைத்துக்கொண்டு சினிமா ஓடுகிறதே, அதுவே பெரிய சாதனை. ஆனால் தன் சொந்த ஆன்டெனாவிலிருந்து நூறு கோடி மடங்கு பலத்தோடு ஒரு சிக்னல் புறப்பட்டுக்கொண்டிருக்கும்போது, அதே அலைவரிசையில் எங்கிருந்தோ வரும் இன்னொன்றை ஒரு கருவியால் கேட்க முடியாது. தான் அனுப்பியது வேறொருவர் அனுப்பியதோடு மோதி நாசமானாலும் அனுப்பியவருக்குத் தெரியாது.

அதனால் வைஃபையில் ‘கிடைத்தது’ என்று எதிர்முனை பதில் தந்தாக வேண்டும். பதில் வரவில்லையென்றால் போனது வீண் என்று கொண்டு, முன்பைவிட அதிக நேரம் காத்திருந்து, மறுபடி அனுப்ப வேண்டும். கேபிளில் இந்தத் தனிச் சடங்கு இல்லை.

★ ஒரே ஒரு பாக்கெட் எப்படிப் போகிறது என்று மைக்ரோநொடிக் கணக்கில் பார்க்கலாம். ஒரு மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு ஆன்டெனா உள்ள ஒரு போன், 5 கிகாஹெர்ட்ஸில், 866 எம்பிபிஎஸ் வேகத்தில் இணைந்திருக்கிறது. 1,500 பைட் உள்ள ஒரு பாக்கெட்டை அது அனுப்ப வேண்டும். முதலில் சேனல் காலியாக இருக்கிறதா என்று குறைந்தது 34 மைக்ரோநொடி கேட்கிறது. காலி என்றாலும் உடனே கிளம்பிவிடக் கூடாது. இதே நேரத்தில் வேறு கருவியும் கிளம்பக் காத்திருக்கலாம் என்பதால், 0 முதல் 15 வரை ஓர் எண்ணைக் குலுக்கிப் போட்டு எடுத்து, எண் ஒன்றுக்கு 9 மைக்ரோநொடி வீதம் மறுபடி காத்திருக்கிறது. சராசரியாக இதற்கு 67 மைக்ரோநொடி. பிறகு ‘நான் அனுப்பப் போகிறேன், இந்த வேகத்தில் அனுப்பப் போகிறேன்’ என்று அறிவிக்கும் முன்னோட்ட சிக்னலுக்குச் சுமார் 40. அதற்கப்புறம்தான் நம் பாக்கெட் போகிறது. அதற்கு ஆவது வெறும் 14 மைக்ரோநொடி! அது போய்ச் சேர்ந்ததும் 16 மைக்ரோநொடி இடைவெளி, எதிர்முனையின் ‘கிடைத்தது’ பதிலுக்கு 28.

கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 200 மைக்ரோநொடியில் சரக்கு போனது 14. மிச்சம் அத்தனையும் காத்திருப்பும் முன்னேற்பாடும் பதிலும். வைஃபை வேகத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

★ இந்த வீண்செலவைக் குறைக்க 2009இல் வந்த 802.11என் என்ற வைஃபை தரத்தில் நல்ல வழி ஒன்றைச் சேர்த்தார்கள். ஒருமுறை சேனல் கிடைத்துவிட்டால் ஒரு பாக்கெட்டை மட்டும் அனுப்பாமல், பல பாக்கெட்டுகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்புவது. மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே பதில். பெரிய ஃபைல் இறக்கும்போது இது அருமையாக வேலை செய்யும். வீடியோ கால், ஆன்லைன் கேம் போன்றவற்றில் சின்னச் சின்ன பாக்கெட்டுகள் அவ்வப்போது வருவதால் கட்ட ஒன்றும் சேராது. அங்கே பழைய செலவு அப்படியே நிற்கிறது.

★ அட்டைப்பெட்டியில் ‘ஏசி 1200’ என்று போட்ட ரூட்டர் எந்த போனுக்கும் 1200 தராது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்ற இரண்டு உச்ச வேகங்களையும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்ட கணக்கு அது. அந்த வகை ரூட்டரோடு நம் போன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இணையும். அதிலும் உண்மையாகக் கைக்கு வருவது பாதி, ரொம்ப நல்ல இடத்தில் உட்கார்ந்தால் அதற்குக் கொஞ்சம் மேல். 2003இல் வந்த 802.11ஜி ரூட்டர்களில் ‘54’ என்று எழுதியிருந்தது. கிடைத்தது 20, 25.

★ ஒரு பழைய போன், அதுவும் கடைசி அறையில் இருக்கிற போன், வீட்டில் எல்லாருடைய வேகத்தையும் இழுத்துவிடும். 2003இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். வைஃபை எல்லாருக்கும் சமமாகத் தருவது வாய்ப்பை, நேரத்தை அல்ல. ஆளுக்கு ஒரு பாக்கெட் என்று வாய்ப்பு வருகிறது. பக்கத்தில் இருக்கும் போன் தன் பாக்கெட்டைக் கண்மூடித் திறப்பதற்குள் அனுப்பிவிடும். தூரத்தில் இருப்பது அதே அளவு பாக்கெட்டைப் பல மடங்கு நேரம் எடுத்து அனுப்பும். பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு எழும்வரை மற்றவர்கள் இலையை மடிக்காமல் உட்கார்ந்திருப்பது மாதிரி, வேகமான கருவிகளும் அதற்காகக் காத்திருக்கும். புது ரூட்டர்கள் நேரத்தையும் கணக்கில் எடுத்துப் பங்கு போடப் பார்க்கின்றன. ஆனால் பல வீடுகளில் இன்னும் இருப்பது பழைய ரூட்டர்.

★ எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். ஃபைல் அளவு மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100 எம்பிபிஎஸ் கனெக்‌ஷனில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். அது குறையல்ல.

★ காற்றில் டேட்டா அனுப்பி, மோதினால் மறுபடி அனுப்பும் முறையை முதலில் பெரிதாகச் செய்து காட்டியது ஹவாய் பல்கலைக்கழகம். தீவுகளில் இருக்கும் கல்லூரி வளாகங்களை மெயின் கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும். போன் லைன் செலவும் அதிகம், தரமும் மோசம். நார்மன் ஏப்ரம்சன் குழு 1971இல் ரேடியோவிலேயே இணைத்துவிட்டது. பெயர் அலோஹாநெட். வேகம் நொடிக்கு 9,600 பிட். யாருக்கு எப்போது அனுப்பத் தோன்றுகிறதோ அப்போது அனுப்பலாம், மோதினால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பலாம். இப்படி ஆளாளுக்கு அனுப்பினால் சேனலின் மொத்தத் திறனில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும் என்பது அவர்கள் அன்றே போட்ட கணக்கு. இன்றைய வைஃபையில் ‘கேட்டுவிட்டு அனுப்பு’ என்ற ஒழுங்கு சேர்ந்திருக்கிறது. அடிப்படைச் சிக்கல் மாறவில்லை.

★ கேபிளும் ஒரு காலத்தில் இதே பாடு பட்டது. ஏப்ரம்சனின் ஆய்வைப் படித்த பாப் மெட்கால்ஃப், டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து 1973இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் ஈதர்நெட்டை உருவாக்கினார். வேகம் 2.94 எம்பிபிஎஸ். ஒரே ஒரு தடித்த கேபிள் ஆபீஸ் முழுக்க ஓடும், எல்லா கம்ப்யூட்டரும் அதில் தொங்கும். ஒன்று அனுப்பினால் மற்றவை காத்திருக்க வேண்டும். இரண்டு சேர்ந்து அனுப்பினால் மோதும். பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிக் கேபிள் இழுத்து, நடுவில் ஸ்விட்ச் என்ற பெட்டியை வைத்தார்கள். 1997இல் இருவழிப் போக்குவரத்து ஈதர்நெட் தரத்திலேயே சேர்ந்தது. மோதல் என்ற பேச்சே அத்தோடு ஒழிந்தது. ஆக, கேபிளை வேகமாக்கியது செம்பு மட்டுமல்ல. ஆளுக்கு ஒரு கம்பி என்று பிரித்துக் கொடுத்ததுதான். காற்றை அப்படிப் பிரித்துக் கொடுக்க வழியில்லை.

★ உங்கள் ரூட்டர் பக்கத்து வீட்டு ரூட்டருக்காகவும் காத்திருக்கிறது. பாஸ்வேர்டு வேறாக இருக்கலாம், சேனல் ஒன்றாக இருந்தால் போதும். மைனஸ் 82 டிபிஎம் அளவுக்கு மெலிதாக வேறொரு வைஃபை சிக்னல் காதில் விழுந்தாலே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அபார்ட்மென்ட்டில் ராத்திரி 9 மணிக்கு எல்லா வீட்டிலும் சீரியலும் சினிமாவும் ஓடும்போது வேகம் படுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

★ இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 13 சேனல்கள். பதின்மூன்றும் தனித்தனி என்று நினைக்க வேண்டாம். மொத்த இடமே 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு சேனலும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். அடுத்தடுத்த சேனல்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. எனவே ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஒன்றையொன்று தொடாமல் இருப்பவை என்று உலகமெங்கும் வைத்திருப்பது 1, 6, 11 என்ற மூன்றைத்தான். ‘எல்லாரும் 1இல் இருக்கிறார்கள், நான் 3க்கு மாறுகிறேன்’ என்று மாற்றினால் நிலைமை மோசமாகும். ஒரே சேனலில் இருந்தால் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியும், முறை வைத்துக்கொள்ள முடியும். பாதி ஏறிய சேனலில் அது வெறும் இரைச்சல்.

★ யாரும் எதையும் பார்க்காத நேரத்திலும் ரூட்டர் சும்மா இருப்பதில்லை. ‘இந்தப் பெயரில் நான் இருக்கிறேன்’ என்று நொடிக்கு ஏறக்குறைய 10 முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் பல ரூட்டர்கள் இந்த அறிவிப்பை 1997ஆம் ஆண்டின் 1 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் சொல்கின்றன. பழைய கருவிக்கும் புரிய வேண்டுமே. அறிவிப்பு 250 பைட் என்று வைத்தால், ஒவ்வொரு வைஃபை பெயரும் சேனல் நேரத்தில் சுமார் 2 சதவீதத்தைத் தின்கிறது. போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் 20 பெயர் தெரிகிற அடுக்குமாடியில், இருபதும் ஒரே சேனலில் இருந்தால் ஐந்தில் இரண்டு பங்கு நேரம் அறிவிப்புக்கே போய்விடும். ‘கெஸ்ட்’ வைஃபை என்று இன்னொரு பெயர் வைத்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

★ மைக்ரோவேவ் அவன் வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில். கதவு இடுக்கில் கசியும் மிகச் சிறு அளவு உடம்புக்குக் கெடுதல் செய்யாது, வைஃபைக்குச் செய்யும். சாம்பார் சூடாகிற இரண்டு நிமிடம் வீடியோ நின்று நின்று வந்தால் போனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

★ யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து வெளியிட்டது. ஹார்டு டிஸ்க்கை ரூட்டருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

★ 2.4 கிகாஹெர்ட்ஸில் லைசென்ஸ் வாங்காமல் வைஃபை வைத்துக்கொள்ளலாம் என்று இந்தியா 2005இல் அனுமதித்தது. 5 கிகாஹெர்ட்ஸில் தாராளமாக இடம் திறந்துவிட்டது 2018 அக்டோபரில். அதற்கு முன் வாங்கிய ரூட்டர்களில் ஏராளமானவை 2.4 மட்டும் தெரிந்தவை. அப்படி ஒன்று இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால், மாதாமாதம் கூடுதல் வேகத்துக்குக் கட்டும் பணம் வீண்.

★ 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4ஐவிட பலவீனம். கம்பி கட்டிய கான்கிரீட், தண்ணீர், உலோகம், கண்ணாடியின் பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சு ஆகியவை அதற்கு எதிரிகள். நம் வீடுகளில் ரூட்டர் எங்கே இருக்கிறது? ஃபைபர் உள்ளே நுழைகிற வாசல் நிலைக்கு மேலே, அல்லது ஹாலில் டிவிக்குப் பின்னால் ஷோகேஸ் தட்டில். படுக்கையறையில் படிக்கும் பிள்ளைக்கும் ரூட்டருக்கும் நடுவே டிவி, ஒரு சுவர், சுவரோடு சேர்த்து நிறுத்திய இரும்பு பீரோ, அதன் கதவில் ஆள் உயரக் கண்ணாடி. அந்தப் பீரோவை ஒரு சுவர் தள்ளி வைத்தால் கிடைக்கும் பலன், பிளானை உயர்த்தினால் கிடைக்காது.

★ தூரம் கூடினால் வைஃபை சட்டென்று அறுந்துவிடாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். வைஃபை 6 ரூட்டரின் பக்கத்தில் உட்கார்ந்தால் அலையின் ஒவ்வொரு துடிப்பிலும் 10 பிட் ஏற்றலாம். தள்ளிப் போகப் போக 8, 6, 4, 2. கடைசி மூலையில் 1. லேன் கேபிள் 2 மீட்டர் இருந்தாலும் 90 மீட்டர் இருந்தாலும் வேகம் ஒன்றே.

★ இரண்டு கருவிகள் ரூட்டருக்குக் கேட்கும், ஒன்றுக்கொன்று கேட்காது என்றால்? முன் அறையில் ஒன்று, பின்கட்டில் ஒன்று. இரண்டுமே சேனல் காலி என்று நினைத்து அனுப்பும். நடுவில் இருக்கும் ரூட்டரில் இரண்டும் மோதும்.

★ சுவரில் பட்டுத் தெறிக்கும் அலைகள் பல வழியில், பல நேரத்தில் வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். 1990களின் தொடக்கத்தில் வீட்டுக்குள் வேகமான ரேடியோ டேட்டாவுக்குப் பெரிய முட்டுக்கட்டை இதுதான். இதைத் தீர்த்த முக்கியமான காப்புரிமைகளில் ஒன்று ஆஸ்திரேலிய அரசின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்துடையது. அந்தக் குழுவின் தலைவர் ஜான் ஓ’சல்லிவன் ஒரு ரேடியோ வானியலாளர். வெடித்து மறையும் சின்னக் கருந்துளைகளிலிருந்து ரேடியோத் துடிப்பு வருகிறதா என்று 1970களில் தேடியவர். அது கிடைக்கவில்லை. கலங்கிப்போன சிக்னலைத் தெளிய வைக்கும் கணக்கில் அவருக்குத் தேர்ச்சி கிடைத்தது, பின்னால் அது வீட்டுக்குள் உதவியது. டேட்டாவை ஒரே வேகமான ஓட்டமாக அனுப்பாமல் பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்து அலைவரிசைகளில் அனுப்புவது அந்த வழி. காப்புரிமை வழக்குகளிலும் உடன்பாடுகளிலும் அந்த நிறுவனத்துக்கு 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வந்தது.

★ தெறிக்கும் அலையை எதிரியாகப் பார்க்காமல் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று காட்டியவர் பொள்ளாச்சியில் பிறந்தவர். ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் சேர்ந்து, நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் அப்சோ சோனார் கருவியை உருவாக்கிய குழுவை நடத்தியவர். பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அங்கே தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992இல் விண்ணப்பித்த காப்புரிமை 1994இல் கிடைத்தது. அனுப்பும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் பல ஆன்டெனாக்கள் இருந்தால், அலைகள் வெவ்வேறு வழியில் தெறித்து வருவதையே பயன்படுத்தி, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட டேட்டா ஓட்டங்களை அனுப்பலாம் என்பது அதன் சாரம். மைமோ என்று பெயர். முதலில் பலர் நம்பவில்லை. 2009இன் 802.11என் முதல் இன்றைய வைஃபை 7 வரை, 4ஜியிலும் 5ஜியிலும், அடித்தளம் அதுதான். 2010இல் பத்மபூஷண், 2014இல் மார்கோனி பரிசு. ரூட்டரின் தலையில் நிற்கும் நான்கு குச்சிகளைப் பார்க்கும்போது அந்தப் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டிய பெயர்.

ரூட்டரில் நான்கு ஆன்டெனா இருந்தாலும் போனில் பெரும்பாலும் இரண்டுதான். ஒரு போனோடு பேசும்போது குறைவாக இருக்கும் பக்கத்தின் எண்ணிக்கைதான் செல்லும்.

★ வைஃபையின் காத்திருப்பை மாற்றி எழுதினால் வேகம் எவ்வளவு கூடும் என்பதைத் தேனி மாவட்டமே பார்த்தது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்று வட்டாரத்தின் சிறு கண் மையங்களையும் இணைக்க, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் பிரூவர் தலைமையிலான குழு 2000களின் நடுவில் வந்தது. கிராமத்து மையத்தில் நோயாளி உட்கார, தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேச வேண்டும். உயரமான கோபுரங்களில் ஒரே திசை நோக்கும் ஆன்டெனாக்களைப் பொருத்தி, சாதாரண வைஃபை கார்டுகளையே பல கிலோமீட்டர் தூரத்துக்கு இயக்கினார்கள்.

அங்கேதான் பிரச்சினை வந்தது. 10 கிலோமீட்டர் போய்த் திரும்ப ரேடியோ அலைக்கு 67 மைக்ரோநொடி ஆகும். வீட்டுக்குள் இருக்கும் தூரத்துக்கு எழுதிய விதிகளோ ‘கிடைத்தது’ என்ற பதில் அதற்குள் வரவில்லையென்றால் பாக்கெட் தொலைந்தது என்று முடிவுகட்டும். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். கார்டை மாற்றாமல் மென்பொருளை மாற்றினார்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதில் கேட்பதை விட்டு, மொத்தமாக ஒரு பதில். கேட்டுக் காத்திருந்து அனுப்புவதை விட்டு, இந்த நேரம் உனக்கு, அடுத்த நேரம் எனக்கு என்று முறை. 2007இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், வழக்கமான வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு வேகம் கிடைத்ததாகப் பதிவு செய்தார்கள். அதே காற்று, அதே கார்டு. தேனிப் பக்கத்துக் கிராமங்களில் கண் பார்வைக்காக நடந்த இந்த வேலை நம் ஊரில் போதிய அளவு பேசப்படவில்லை.

★ ரிப்பீட்டர் வாங்கி நடுவில் வைத்தால் சிக்னல் கட்டை கூடும், வேகம் பாதியாகலாம். ஒரே அலைவரிசையில் ரூட்டரிடமிருந்து வாங்குவதற்கு ஒருமுறை, அதையே போனுக்கு அனுப்ப இன்னொருமுறை என்று ஒவ்வொரு பாக்கெட்டும் சேனலை இருமுறை பிடிக்கிறது. நடு அறைவரை ஒரு கேபிள் இழுத்து அதன் முனையில் இரண்டாவது வைஃபை பெட்டியை வைத்தால் இந்த இழப்பு இல்லை.

★ லேன் கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியபடி. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொன்றுக்கும் அதே நிறக் கோடு போட்ட வெள்ளைக் கம்பி ஜோடி. முறுக்கு அழகுக்காக அல்ல. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறும். எதிர்முனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் கழிந்து போகும். தொலைபேசிக்காக கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை வாங்கிய வித்தை இது.

★ கிகாபிட் போர்ட், 200 எம்பிபிஎஸ் பிளான், கேபிளிலும் 94தான் வருகிறதா? எட்டுக் கம்பியில் ஒன்று அறுந்திருக்கலாம், அல்லது கிளிப்பில் சரியாகக் கடிக்காமல் இருக்கலாம். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100க்கு நான்கு போதும். மிச்ச நான்கில் ஒன்று போனால் இரு முனையும் பேசிவைத்துக்கொண்டு 100க்கு இறங்கிவிடும், யாருக்கும் சொல்லாது. கிளிப்பை வெட்டிவிட்டுப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள்.

★ கேபிள் தோற்கும் இடமும் உண்டு. விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். ஸ்மார்ட் டிவிக்களிலும் அப்படியே. அந்த டிவி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 200 தொடலாம், கேபிளில் 94ஐத் தாண்டாது. இருந்தாலும் டிவிக்குக் கேபிள்தான் என் சிபாரிசு. 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதும், அந்த 25 இடையில் அறுபடாமல் வர வேண்டும். டிவி காற்றை விட்டு இறங்கினால் வீட்டு போன்களுக்கு அவ்வளவு நேரம் மிச்சம்.

★ வீடியோ காலில் முகம் உறைவதற்குப் பெரும்பாலும் வேகக் குறைவு காரணம் இல்லை. ஒரு வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் தாராளம். கேபிளில் ரூட்டர்வரை போய்வர ஆகும் நேரம் 1 மில்லிநொடிக்குக் கீழே, எப்போது அளந்தாலும் அதே. வைஃபையில் ஒருமுறை 3, அடுத்து 5, திடீரென்று 80, மறுபடி 4. ஸ்பீட் டெஸ்ட்டின் பெரிய எண் இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டாது. ஆன்லைனில் தேர்வு எழுதும் பிள்ளை, வேலைக்கு இன்டர்வியூ கொடுப்பவர், வீடியோவில் டாக்டரிடம் காட்டும் பாட்டி, இவர்களுக்காகவாவது அந்த ஒரு மணி நேரம் கேபிளைச் சொருகிக் கொடுங்கள். சில நூறு ரூபாய் சமாச்சாரம். புது லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லையென்றால் யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் கடையில் கிடைக்கிறது.

★ புது வீடு கட்டுகிறவர்கள் சுவர் பூசுவதற்கு முன்பே எலெக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஃபைபர் வரும் இடத்திலிருந்து டிவி சுவருக்கும், படிக்கும் மேஜைக்கும், மாடிக்கும் தனி பிவிசி பைப் போட்டு அதில் லேன் கேபிளை இழுத்துவிடச் சொல்லுங்கள். கரன்ட் வயர் போகிற பைப்பிலேயே இதையும் திணிக்க விடாதீர்கள், அது ஆபத்து. கேபிளில் ‘கேட் 6’ என்று அச்சிட்டிருக்கிறதா, கம்பி முழுச் செம்பா அல்லது செம்பு முலாம் பூசிய அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியம் சீக்கிரம் ஒடியும். ஒரு கேபிளுக்குத் தரம் அனுமதிக்கும் நீளம் 100 மீட்டர். தரைத்தளத்திலிருந்து மொட்டை மாடிவரை வளைத்து வளைத்து இழுத்தாலும் சாதாரண வீட்டில் அதில் பாதிகூட ஆகாது.